நிஜ மாத்திரையா, சும்மா மாத்திரையா

"அது நிஜ மாத்திரையா, சும்மா மாத்திரையா?" என்று மர்பி டவுனில் ஒரு அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனில் கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டார். ஒருமுறை அல்சூர் மார்க்கெட்டில் என்னைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, கையில் கொத்தமல்லிக் கட்டோடு ரோட்டைத் தாண்டி வந்து கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் என் வேலையின் முதல் விதி. அதை அவரிடம் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது மருந்தைப் பற்றி மட்டும் இல்லை. தன் வீட்டில் இன்னொருத்தியின் உடம்பைக் கெடுத்தது தானா இல்லையா என்று கேட்டார்.

ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. புதிதாகக் கண்டுபிடித்த மருந்தைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒப்புக்கொள்ளும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவர்களை வரவழைப்பது, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது, ரத்தம் எடுக்கக் கூட்டிப்போவது, மிச்ச மாத்திரையை வாங்கி எண்ணிப் பார்ப்பது, யாருக்காவது ஏதாவது ஆனால் உடனே மேலே சொல்வது, இவ்வளவும் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா ஆனேக்கல் பக்கம் கிரானைட் பட்டறையில் கல் ஏற்றுகிறவர். அதனாலோ என்னவோ, வேலையில் சேர்ந்ததும் கொடுத்த சர்வதேச நெறிமுறைகளை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். அடுகோடியில் என்னோடு அறையில் இருந்த பையன்கள், "டேய், அதுல ஹீரோயின் எந்தப் பக்கத்துல வர்றா?" என்று கேலி செய்வார்கள்.

மனிதர்களுக்குச் சொல்லாமலேயே அவர்கள்மேல் மருந்தைச் சோதித்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது, அதற்குப் பிறகுதான் இந்த விதிகள் எல்லாம் வந்தன என்று பயிற்சியில் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவர் சம்மதம் கொடுக்கும்போது, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தொடக்கத்திலிருந்து முடியும்வரை சாட்சியாகக் கூட இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா எத்தனையோ காகிதங்களில் கைநாட்டு வைத்திருக்கிறாள். ஒருமுறைகூட யாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதில் என்ன இருக்கிறது என்று சொன்னதில்லை.

மர்பி டவுன் அம்மாவும் படிக்கத் தெரியாதவர்தான். ஒரு மூட்டுவலி முகாம் வழியாக வந்தார். தனியாக வரவில்லை. ஓரகத்தியும் கூட வந்தார். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். இந்த அம்மாதான் மூத்தவர். அவர் கணவர் காலமாகிவிட்டார். இளையவரின் கணவர் பெயின்ட் வேலைக்குப் போகிறார். இரண்டு பெண்களும் வீட்டிலேயே ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பவர்கள். காலையில் மூட்டை வரும். சாயங்காலம் உரித்ததை எடுத்துப்போக ஸ்கூட்டரில் ஆள் வரும். இரண்டு பேருக்குமே விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்தால் கை மடங்காது. பூண்டு உரிக்கிறவர்களுக்கு விரல் மடங்காவிட்டால் வேறு என்ன இருக்கிறது.

சம்மதம் வாங்கும்போது வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. கேமராவை வைத்ததும் மூத்தவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"இது எதுக்கு தம்பி, ரீல்ஸ் போடறதுக்கா?"

"இல்லம்மா. உங்களுக்கு எல்லாத்தையும் சரியா சொன்னோம்னு சாட்சிக்கு."

"மொதல்லயே சொல்லியிருந்தா தல சீவிட்டு வந்திருப்பேன்."

"சீவிட்டு வந்தா மட்டும்?" என்றார் கதவுப் பக்கம் நின்ற இளையவர். "கேமராக்காரரு பயந்து ஓடியிருப்பாரு."

சாட்சிக்கு ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து உட்கார வைத்திருந்தோம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். விளக்க வேண்டியவற்றில் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்திலேயே எப்போதும் இருப்பேன்.

"நீங்க இப்ப சாப்பிடற மாத்திரையோட இது ஒண்ணும் சேர்த்து தருவோம்மா. உள்ள புது மருந்து இருக்கலாம். இல்ல, மருந்தே இல்லாம அதே மாதிரி செஞ்ச சும்மா மாத்திரையாவும் இருக்கலாம். உங்களுக்கு எது வருதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"ஒனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்ப யாருக்குத்தான்யா தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"அதுக்கு வாய் இல்லியே," என்றார்.

பக்கவிளைவுகள் எல்லாம் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னேன். மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். அழகாகச் சொன்னார். கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார்.

இளையவரும் சேர வந்தவர்தான். ஆனால் அவருடைய ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சம்பந்தமான அளவு கொஞ்சம் கூடியிருந்தது. இந்த மருந்து கல்லீரலைத் தொடக்கூடியது என்பதால் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து அதைச் சொன்னேன். வழக்கமான டாக்டரைப் பார்க்கும்படி சீட்டும் கொடுத்தேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. வெளியே போய் மூத்தவரிடம், "அக்கா, நீ பாஸு, நான் பெயிலு. மூணாங்கிளாஸ்லயும் பெயிலு, இப்ப ரத்தத்துலயும் பெயிலு," என்று சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. மூத்தவர் சிரிக்கவில்லை. "கண்ணாடி போட்டவன் என்னத்தக் கண்டான், வா," என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கண்ணாடி போட்டவன் நான்தான்.

அதன் பிறகு மூத்தவர் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல பங்கேற்பாளர் ஆனார். சொன்ன தேதிக்கு வருவார். புட்டியில் மிச்சம் இருக்க வேண்டிய மாத்திரை சரியாக மிச்சம் இருக்கும். சோதனையை நடத்தும் கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிற ஆள் என் தோளைத் தட்டி, இந்த ஊரிலேயே இவ்வளவு ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் பேஷன்ட் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். கையும் சரியாகிக்கொண்டு வந்தது. வரும்போதெல்லாம் விரலை மடக்கி விரித்துக் காட்டுவார். இளையவர் பின்னாலேயே நின்று, தன் விரலையும் மடக்கி, "எனக்குந்தான் மடங்குது, யாராவது பாக்கறீங்களா?" என்பார். அதை நாங்கள் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டோம். இரண்டு பேரிடமும் பூண்டு வாசனை வரும். லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் மூக்கைச் சுருக்குவார்கள். இளையவர் சத்தமாக, "ஓட்டல்ல தட்டுல வந்தா மட்டும் வழிச்சு நக்குவாங்க," என்பார்.

மழை தொடங்கிய சமயத்தில், வர வேண்டிய நாளுக்கு முன்பே மூத்தவர் வந்தார். இளையவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார். இளையவரின் கண் மஞ்சளாக இருந்தது. சாதாரண மஞ்சள் இல்லை, வாசலில் நின்றபோதே தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் நமைச்சல், சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போகிறது என்றார்கள். பக்கத்தில் யாரோ சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரையும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் டாக்டர் கன்னடக்காரர். தமிழை நிதானமாகப் பேசுவார். "வேற என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் இளையவர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

ரத்தம் எடுக்க அவரை உள்ளே அனுப்பியபோது மூத்தவர் என் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்தார்.

"தம்பி, சத்தம் போடாம கேளு. அந்த மாத்திரைய அவளும் சாப்ட்டா."

"எந்த மாத்திரை?"

"நீ குடுத்ததுதான். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு."

"எப்பலேர்ந்துமா?"

"மொதல்லேர்ந்து."

கணக்கு ஏன் அவ்வளவு சரியாக வந்தது என்று அப்போது புரிந்தது.

"வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னோமேம்மா."

"வேற யாருக்குய்யா குடுத்தேன்? பால்காரனுக்குக் குடுத்தேனா, எதுத்த வீட்டுக்காரிக்குக் குடுத்தேனா? ஒரே அடுப்புல ஆக்கித் திங்கறோம். எனக்கு வெரல் மடங்குது, அவ எதிர்ல உக்காந்து மொணகிக்கிட்டே உரிக்கறா. நான் மட்டும் எப்டி முழுங்குவேன்? சொல்லு, ஒங்கம்மா முழுங்குவாளா?"

என் சட்டைக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"டாக்டர்கிட்ட இதச் சொல்லாத தம்பி. சொன்னா என்ன எடுத்துடுவாங்க. பழையபடி கை பூட்டிக்கும். அவள நல்லாப் பாக்கச் சொல்லு, இதச் சொல்லாம பாக்கச் சொல்லு."

இந்த இடத்தில் நான் யோசித்தேன், தவித்தேன் என்றெல்லாம் எழுதினால் அது பொய். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பயிற்சியில் கற்றது கால்களில் இருந்தது. ஒருவருக்கு இப்படி ஆனால் உடனே, அன்றைக்கே, ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும். "அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியாம எப்டிம்மா வைத்தியம் பாப்பாங்க?" என்று மட்டும் சொன்னேன். அவர் என் சட்டையை விட்டார். நான் படியிறங்கி டாக்டர் அறைக்குப் போனேன். அவர் என் பின்னாலேயே வந்தார். தடுக்கவில்லை. வாசலில் நின்றுகொண்டார்.

டாக்டர் கேட்டுவிட்டு, "ஏனு?" என்றார், என்ன என்று கன்னடத்தில். நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவர் போனை எடுத்துக் கம்பெனி டாக்டரிடம் பேசினார். அந்தப் புட்டியில் இருப்பது மருந்தா இல்லையா என்பதைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க ஒரு வழி உண்டு. உயிருக்கு ஆபத்து வந்தால், வைத்தியத்துக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் திறக்கலாம். திறந்து பார்க்கிறவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

"நீ வெளியில இரு," என்றார்.

நான் வெளியே வந்தேன். கதவு மூடிக்கொண்டது. கான்டீனுக்குப் போய் தயிர்சாதம் வாங்கினேன். மாதுளை முத்து போட்டிருந்தார்கள். முழுவதும் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடக் கூடாது என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் எதுவும் சொல்லாமல் இளையவரைச் சேர்த்திருந்த வார்டுப் பக்கம் போனார். பிறகு நானே ஒரு இடத்தில் உட்கார்ந்து, கம்பெனிக்கும், இந்தச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் அனுப்ப வேண்டியதை டைப் செய்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பாக விழவில்லை.

எழுதும்போது ஒரு சந்தேகம் வந்து நெறிமுறைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆராய்ச்சியால் உடம்பு கெட்ட பங்கேற்பாளருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பங்கேற்பாளர் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. பங்கேற்பாளரோடு ஒரே அடுப்பில் சமைக்கிறவரைப் பற்றி நான் தேடிய இடத்தில் எங்கும் இல்லை. நெறிமுறைக் குழு கூடியபோது டாக்டரே போய் இதைச் சொன்னார். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. இளையவருக்கும் இங்கேயே முழு வைத்தியமும் பார்க்க வேண்டும் என்று முடிவாகி வந்தது.

மூத்தவருக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் புட்டியை வாங்கி வர வேண்டும். அவரைக் கூப்பிட்டுக் கொண்டுவரச் சொல்வதுதான் வழக்கம். அவர் ஓரகத்திக்குத் துணையாக வார்டிலேயே கிடந்ததால் என்னைப் போகச் சொன்னார்கள். மர்பி டவுனில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. நீல நிறத்தில் அம்பேத்கர் படம் வரைந்த சுவரைத் தாண்டி இரண்டாவது கதவு. குளித்துவிட்டுத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போக அவர் வீட்டுக்கு வந்திருந்த நேரம். ஃபேன் காற்றில் பூண்டுத் தோல் அறை முழுவதும் பறந்துகொண்டிருந்தது. உரிக்காத மூட்டை சுவரோரம் சாய்ந்திருந்தது.

புட்டியை அரிசி டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் பையில் வைத்துக்கொண்டேன்.

"இப்பவாவது சொல்லு. அது நிஜ மாத்திரையா, சும்மா மாத்திரையா?"

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா."

"டாக்டரம்மாவுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அவங்க சொல்லக் கூடாது. ஆராய்ச்சி முடிஞ்சப்புறம்தான்."

"அது எப்ப முடியும்?"

"நாலஞ்சு ஊர்ல நடக்குதும்மா. நாளாகும்."

அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "சும்மா மாத்திரைன்னா நான் தப்பிச்சேன். கீழாநெல்லியோ, காய்ச்ச மாத்திரையோ, அவ தலையெழுத்தோ, எதாலயோ வந்துச்சுன்னு கெடப்பேன். நிஜமா இருந்தா நான்தான. என் கையால ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணியோட குடுத்தேன். அவ மறந்துட்டாலும் நான் கூப்ட்டுக் குடுப்பேன்."

"டாக்டர் 'இருக்கலாம்'னு எழுதியிருக்காங்கம்மா."

"இருக்கலாம்னா?"

"அந்த மருந்தால வந்திருக்கலாம். நிச்சயம்னு சொல்ல முடியாது."

"இருக்கா, இல்லியா?"

"இருக்கலாம்."

"போய்யா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "இன்னியோட மாத்திர நின்னுச்சுல்ல. இனிமே கை வீங்கலன்னா அது சும்மா மாத்திரதான? மருந்தே இல்லாத மாத்திரைய நிறுத்தினா எப்டி வீங்கும்?" தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டார். "வீங்கக் கூடாது. அவ்ளோதான். வீங்கலன்னா நான் ஒண்ணும் பண்ணல."

அப்படிக் கண்டுபிடிக்க முடியாது என்று நான் விளக்கினேன். இந்த நோய் தானாகவே சில மாதம் அடங்கும், சில மாதம் கிளம்பும். பாதி மருந்து சாப்பிட்டவருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நான் சொன்னதெல்லாம் சரிதான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே விரலை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கலுக்குப் போயிருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிய அட்டை. மருந்தின் பெயர் இருந்த பக்கம் இல்லை.

"இது என்னம்மா?"

"பக்கத்து வீட்டுக்காரி குடுத்தா. முட்டி வலிக்கு. அவளுக்கு நல்லாக் கேட்டுச்சாம்."

"அவங்களுக்குக் கேட்டா உனக்கும் கேக்குமா? என்ன மாத்திரைன்னே தெரியாம?"

"பாதிய வெட்டிக் குடுத்திருக்காடா. தனக்கு வேணும்னு வச்சிக்காம குடுத்திருக்கா. வேணாம்னு எப்டி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றது?" பிறகு அப்பாவைப் பார்த்து, "தொர கேள்வி கேக்கறாரு, பதில் சொல்லுங்க," என்றாள். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படித்தவன் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் எதுவும் இல்லை. அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இளையவர் ரொம்ப நாள் வார்டில் இருந்தார். நடுவில் ஒரு வாரம் மோசமாகப் போய், பேச்சுக் குழறி, ஆளே தெரியாத நிலைமை. அந்த வாரம் மூத்தவர் என்னைக் கேட்கவில்லை. வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருப்பார். நான் போனால் தலை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்திருப்பார். பிறகு இளையவர் மெல்லத் தேறினார். கண்ணிலிருந்த மஞ்சள் வெளிறிப்போனது. உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்றைக்கே வாயும் திரும்பி வந்துவிட்டது. "அக்கா, எனக்குப் பாதி குடுக்கறேன்னு முக்கால்வாசி குடுத்துட்டியா?" என்று கேட்டாராம். நர்ஸ் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். மூத்தவர் அதைக் கேட்டுவிட்டு வெளியே எழுந்து போய்விட்டாராம். அதை அந்த நர்ஸ் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இளையவர் வீடு திரும்பிய பிறகு மூத்தவரின் போன்கள் மறுபடி தொடங்கின. கேள்வி அதேதான். அதோடு இன்னொரு தகவலும் சேர்ந்து வரும். "இன்னிக்கும் வீங்கல தம்பி." நான் "சரிம்மா" என்பேன். "நல்லா மடங்குது." "சரிம்மா." கொஞ்ச நாள் கழித்து அந்தத் தகவல் வருவது நின்றது. கேள்வி மட்டும் வந்தது. பிறகு கேள்வியும் வரவில்லை.

மாத்திரை நிறுத்தினாலும் கடைசியாக ஒருமுறை வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பாதியில் நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் விடக் கூடாது என்பதற்காக. போனில் தேதி சொன்னபோது வேறு ஏதோ வேலை இருக்கிறது என்றார் மூத்தவர். இரண்டாவது தேதிக்கும் வரவில்லை. மூன்றாவது முறை இளையவர்தான் போனை எடுத்தார். "நான் கூட்டிட்டு வரேன் தம்பி சார்," என்றார்.

இரண்டு பேரும் வந்தார்கள். இளையவர் பாதியாக இளைத்திருந்தார். ஜாக்கெட் தோளில் தொங்கியது. மூத்தவர் கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தார். வெளியே அவ்வளவு குளிர் இல்லை. டாக்டரின் எதிரில் உட்காரும்வரை எடுக்கவில்லை.

மூட்டுகளைச் சோதிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு மூட்டாகக் கட்டைவிரலால் அழுத்துவார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயம் பதிய வேண்டும். வீக்கம் இருக்கிறதா என்பதை டாக்டரின் விரல் சொல்லும். வலிக்கிறதா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அதை வேறு யாரும் அவருக்காகச் சொல்ல முடியாது. அவர் சொல்வதுதான் பதிவு. டாக்டர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன்.

டாக்டர் கையை நீட்டினார். மூத்தவர் முந்தானையை விலக்கி இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார்.

நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நடுவிரல் இரண்டும் முட்டியில் உருண்டு பளபளவென்று இருந்தன. வீக்கத்தில் மணிக்கட்டு தெரியவில்லை. டாக்டர் ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், கட்டைவிரலிலிருந்து தொடங்கினார்.

"வீக்கம் இருக்கு," என்று என்னிடம் சொன்னார். அவரிடம், "நோவுதா?" என்றார்.

"இல்ல."

அடுத்த மூட்டு. "வீக்கம் இருக்கு. நோவுதா அம்மா?"

"இல்ல."

மேஜைக்குக் கீழே அவர் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்தன. மேல் உதட்டில் வியர்த்திருந்தது. டாக்டர் அழுத்தத்தைக் குறைத்தது எனக்குத் தெரிந்தது. விதிப்படி அப்படிக் குறைக்கக் கூடாது, எல்லா மூட்டுக்கும் ஒரே அழுத்தம்தான்.

"நெஜமா சொல்லுங்க," என்றார் டாக்டர். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லலாம். வேற மருந்து எழுதித் தரணும் இல்லையா?"

"வலிக்கலம்மா. வீக்கம் என்ன வீக்கம், மழைக்கு எல்லாருக்கும் இருக்கறதுதான். முன்ன மாதிரிதான் இருக்கேன். மாத்திர நிறுத்தி எனக்கு ஒண்ணும் ஆகல." கடைசி வாக்கியத்தை என்னிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கும்படி சொன்னார்.

இளையவர் சுவரில் சாய்ந்திருந்தார். நிமிர்ந்தார்.

"அக்காவுக்கு ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருக்கு. நேத்துகூட ஒரு மூட்ட பூண்டு முழுக்க அதுதான் உரிச்சுது. நான் சும்மா படுத்துக் கெடந்தேன்."

சொல்லிவிட்டுத் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். அவருடைய கட்டைவிரல் நகம் கறுத்து, ஓரம் வெடித்து, பூண்டுச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. மேஜைமேல் இருந்த மூத்தவரின் நகங்கள் வெள்ளையாக, நாள்கணக்கில் வேலை தொடாத நகங்களாக இருந்தன. டாக்டரும் பார்த்திருப்பார். மூத்தவர் இளையவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் மேஜையிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்.

டாக்டர் மீதி மூட்டுகளையும் அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "இல்ல" வந்தது. சில "இல்ல" வெளியே வர நேரம் எடுத்தது. முடிந்ததும் டாக்டர் என் பக்கம் திரும்பி, "பேஷன்ட் சொன்னதைப் போடு," என்றார். தனியாக வேறு வலி மாத்திரை எழுதி, சீட்டைக் கிழித்து, இளையவர் கையில் கொடுத்தார்.

வீக்கம் என்று இருந்த இடத்தில் வரிசையாக ஆம் என்று பதிந்தேன். வலி என்று இருந்த இடத்தில், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை, இல்லை என்று பதிந்தேன்.